மாரித்துயிலும் மனிதர் வளர்த்த பல்லியினமும்

வெப்பமண்டலத்தில் வாழ்வோர்க்கு மாரித்துயில் என்பது நூல்வாயிலாக அறியும் செய்தியே. மார்கழிப் பனி பெய்யும் நாளிலும் யாழ்ப்பாணத்து வேலியோர ஓணான் வெயிலேறியதும் கதியால்மேல் வந்து தலையசைத்து நிற்கும். வீட்டுச் சுவரிலே பல்லி ஆண்டு முழுவதும் இரை தேடும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே ஐப்பசி கார்த்திகையில் வெயில் தளர்ந்ததும் பல்லி, அரணை, பாம்பு, ஆமை முதலிய ஊர்வன மண்ணுள்ளும் மரவேர்களிடையும் கற்பிளவுகளிலும் புகுந்து அசைவற்றுக் கிடந்து, பங்குனி சித்திரையில் மீண்டும் வெளிப்படுகின்றன. இயற்கையில் இஃது உயிர்காக்கும் உபாயம். மனிதன் அவற்றைப் பிடித்துக் கூட்டிலடைத்து வளர்க்கத் தலைப்பட்டபோதோ, உயிர்காக்கும் அதே பருவம் உயிர்கொள்ளும் பருவமாயிற்று. இலையுதிர்காலத்திற் கொழுத்திருந்த பிராணி இளவேனிலில் உலர்ந்த தோலாய்க் கிடப்பதை வளர்த்தோர் பலர் கண்டனர். ஏன் இவ்வாறாகிறது என்னும் வினாவுக்கு முழு விடை காண ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் சென்றன. விடையின் முக்கியமான பகுதிகள் தொடக்கத்திலேயே கிடைத்திருந்தும் அவற்றை ஒன்று சேர்ப்பார் நெடுங்காலம் இல்லாமற்போனமையே இவ்வரலாற்றின் வியப்பு.

மாரித்துயிலைப் பற்றிய பழைய குறிப்பு அரிஸ்டோட்டில் எழுதிய விலங்குகளின் வரலாறு என்னும் நூலில் உண்டு. பாம்பும் பல்லியும் ஆற்று முதலையும் கடுங்குளிர் வீசும் நான்கு மாதம் மறைந்து கிடக்கும் என்றும், அக்காலத்தில் உணவு கொள்ளா என்றும் அவர் கூறினார். அதே நூலில் தூக்கணங் குருவியையொத்த தகைவிலான்களும் பொந்துகளில் இறகுதிர்ந்து கிடப்பனவென எழுதினார். முன்னது மெய், பின்னது பொய். ஆயினும் இரண்டும் ஒரே மதிப்புடன் இரண்டாயிரம் ஆண்டு நிலவின. நேரிற் கண்டு எழுதும் வழக்கம் வலுப்பெற்ற பின்னரே இவை பிரிக்கப்பட்டன.

அவ்வாறு கண்டு எழுதியோருள் தலையாயவர் ஆங்கிலக் கிராமமாகிய செல்போர்னிலே சமய குருவாயிருந்த கில்பேட் வைற் ஆவர். 1789 இல் வெளிவந்த அவரது செல்போர்ன் இயற்கை வரலாறு இன்றும் படிக்கப்படுவது. அதில் இடம்பெறும் பாத்திரங்களுள் மிகவும் புகழ் வாய்ந்தது ஓர் ஆமை. பல்லி அன்றேனும் ஊர்வன வகுப்பைச் சேர்ந்ததாகலானும், அக்கால ஊர்வனவுள் இத்துணை நுணுக்கமாக நோக்கப்பட்டது வேறொன்றைக் காட்டுதல் அரிதாகலானும், பல்லியின் வரலாற்றை அதிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது. சசெக்ஸ் மாகாணத்து றிங்மர் என்னும் ஊரில் வைற்றின் அத்தையார் ஸ்நூக் அம்மையார் அதனை மதில் சூழ்ந்த சிறு முற்றத்தில் முப்பது ஆண்டாக வளர்த்துவந்தார் என்று 1770 ஆம் ஆண்டுக் கடிதமொன்று கூறுகிறது. கார்த்திகை நடுவில் அது நிலத்தைத் தோண்டிப் புகும். சித்திரை நடுவில் வெளிவரும். வெளிவந்தவுடன் உணவை அதிகம் நாடாது. கோடையில் அதற்கு அடங்காப் பசி. கோடை தளரத் தளரப் பசியும் தளரும். இலையுதிர்காலத்தின் கடைசி ஆறு வாரமும் அது பெரும்பாலும் உண்பதேயில்லை.

இந்த ஆறு வார நோன்பை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். வைற் அதைக் கண்டு எழுதினாரேயன்றிக் காரணங் கூறினாரில்லை.

1780 இல் அம்மையார் இறந்தபின் ஆமை வைற்றின் உடைமையாயிற்று. பங்குனி மாதத்தில் அதைத் துயிலிடத்திலிருந்து அகழ்ந்தெடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் எண்பது மைல் கொண்டுசென்றார். தோண்டியபோதே அது சீறித் தன் வெறுப்பைக் காட்டிற்றாம். வண்டியின் ஆட்டத்தால் முற்றும் விழித்துத் தோட்டத்தில் இருமுறை உலாவிற்று. மாலையிற் குளிர் கண்டதும் மீண்டும் மண்ணுள் மறைந்தது. இவ்வாறு துயில் கலைக்கப்பட்ட ஊர்வன பல இறந்துபடும், இதுவோ பிழைத்தது. வைற் 1793 இல் இறந்தார். ஆமை மறு ஆண்டு இறந்தது. ஆண்பெயராகிய திமொத்தி என்பதே அதற்கு வழங்கிற்று எனினும் அது பெண் ஆமையென்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது.

ஐம்பதுக்கு மேற்பட்ட ஆங்கில மாரிகளை இவ்வாமை கடந்தது. அதற்கென எவரும் சிறப்பான ஏற்பாடு எதுவும் செய்தாரில்லை. தோட்டமும் மண்ணும் இருந்தன. குளிர் படிப்படியாக வந்தது. பிராணி தானே உணவை நிறுத்தித் தானே ஆழம் தேர்ந்து புதைந்தது. பிற்காலத்திற் கண்ணாடிப் பேழையில் அடைபட்ட பல்லிகளுக்குக் கிட்டாதவை இவையே.

வைற் காரணங் கூறாது விட்டதை அவர் காலத்தவரே ஒருவர் சோதித்து அறிந்தார். இலண்டனிற் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் யோன் ஹன்ரர், மாரித்துயிலுக்கு ஆயத்தமாகும் பல்லிகளின் தொண்டைவழியே மண்புழுத் துண்டுகளையும் இறைச்சித் துண்டுகளையும் செலுத்தினார். பின் அவற்றைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, வெவ்வேறு காலத்தில் அறுத்துப் பார்த்தார். உட்சென்ற உணவு இரைப்பையிலோ குடலிலோ உருமாறாமல் அப்படியே கிடந்தது. உயிருடன் விடப்பட்ட பல்லிகளுட் சில, இளவேனில் அணுகியபோது அவ்வுணவை ஏறக்குறைய மாற்றமின்றியே வெளியேற்றின. 1786 இல் வெளியான அவரது உடற்றொழில் நூலில் இது காணப்படுகிறது. அதே காலத்தில் இத்தாலிய குருவும் விஞ்ஞானியுமாகிய ஸ்பலன்சானி, இரைப்பைச் சாற்றையும் இறைச்சியையும் குழாய்களிலிட்டுத் தம் அக்குளில் வைத்துச் சூடாக்கி, சமிபாட்டுக்கு வெப்பம் இன்றியமையாதென நிறுவினார்.

வைற்றின் ஆமை ஏன் ஆறு வாரம் நோன்பிருந்தது என்பது இப்போது விளங்கும். ஊர்வனவற்றின் உடல் தானே வெப்பத்தை ஆக்கிப் பேணுவதன்று. சூழலின் வெப்பமே அதன் வெப்பம். சூழல் குளிர்ந்தபின் இரைப்பையில் இரை இருப்பின் அது சமிக்காது. பல வேளை அழுகவும் கூடும். ஹன்ரரின் பல்லிகளுட் சில உணவை அழுகாமலே வெளியேற்றியது அவற்றின் நற்பேறு எனலாம். மாரிக்கு முன் குடல் வெறுமையாயிருத்தல் வேண்டும் என்னும் விதி இவ்விருவர் குறிப்புகளையும் அருகருகே வைத்தால் தானே தோன்றும். ஆயினும் இயற்கையை நோக்கும் குருவானவரின் நூலும் சத்திர வைத்தியரின் நூலும் வேறு வேறு அலுமாரிகளிலேயே இருந்தன. “குளிர்காலம் வருகிறதே, வயிறாரத் தின்னட்டும்” என்னும் இரக்கத்தால் துயிலுக்கு முதல்நாள்வரை இரையூட்டிக் கொன்றோர் அதற்குப் பின்னரும் இருந்தனர்.

ஹன்ரரைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். 1766 இல் அவர் இரு கெண்டை மீன்களை உறையச் செய்து, பின் உருகவிட்டுப் பார்த்தார். உயிரை உறைநிலையில் நிறுத்தி வேண்டியபோது மீட்கலாமென்றும், மனிதனும் அவ்வாறு தன் ஆயுளை ஆயிரம் ஆண்டுவரை நீட்டலாமென்றும் அவர் எண்ணியிருந்தார். மீன்கள் இறந்தன, அவ்வெண்ணமும் அத்துடன் ஒழிந்தது. துயிலும் உயிர் காலத்தைக் கடந்து நிற்கும் என்னும் நம்பிக்கை அத்தகைய பேரறிஞரையே மயக்கிற்றென்றால் பொதுமக்களைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. பாறையைப் பிளந்தபோது உள்ளிருந்து உயிருள்ள தேரை வெளிவந்தது என்னும் கதைகள் ஐரோப்பாவெங்கும் வழங்கின. கல்லினுள் தேரைக்கும் உணவளிப்பவன் இறைவன் என்று நம்மிடையே வழங்கும் பேச்சு பத்தியின்பாற்பட்டது. அங்கே அதனைப் பௌதிக உண்மையாகவே பலர் கொண்டனர்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியலாளர் வில்லியம் பக்லண்ட் அதைச் சோதிக்க முனைந்தார். 1825 கார்த்திகையில் இருபத்துநான்கு தேரைகளைக் கல்லிற் குடைந்த அறைகளில் வைத்து, கண்ணாடியால் மூடி, தம் தோட்டத்தில் மூன்று அடி ஆழத்திற் புதைத்தார். பன்னிரண்டு அறைகள் நுண்டுளையுள்ள சுண்ணாம்புக் கல்லிலும் பன்னிரண்டு செறிந்த மணற்கல்லிலும் அமைந்தன. ஓராண்டின் பின் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை யாவும் இறந்திருந்தன. சுண்ணாம்புக் கல்லில் இருந்தவற்றுட் சில பிழைத்திருந்தன. அவற்றை மீண்டும் புதைத்து இடையிடையே கண்ணாடியூடே பார்த்தார். அவை துயிலவில்லை, கண் திறந்தவாறே நாளுக்கு நாள் மெலிந்தன. இரண்டாம் ஆண்டு முடியுமுன் எல்லாம் மாண்டன. கொடிய சோதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனாற் பெற்ற உண்மை தெளிவானது: அசைவற்றிருக்கும் உயிரும் செலவு செய்துகொண்டே இருக்கிறது, கையிருப்புத் தீர்ந்தால் அது இறக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வரலாறு தோட்டத்தை விட்டுக் கட்டடத்துள் நுழைகிறது. இலண்டன் விலங்கியற் கழகம் 1849 இல் ஊர்வனவுக்கென்றே ஒரு தனி மனையை அமைத்தது. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது. 1883 இல் அதனினும் பெரியதொன்று திறக்கப்பட்டது. கண்ணாடிப் பேழையில் பல்லி வளர்க்கும் வழக்கம் நடுத்தர வகுப்பாரிடையும் பரவிற்று. 1884 இல் யோகான் வொன் பிஷர் செருமானிய மொழியிலும், 1897 இல் பேற்மன் ஆங்கிலத்திலும் இதுபற்றி விரிவான நூல்கள் வெளியிட்டனர். மிருகக்காட்சிச்சாலைக்கு வருவோர் காசு கொடுத்துக் காண விரும்புவது நடமாடும் பிராணியையேயன்றி மண்ணுள் மறைந்ததையன்று. ஆதலின் மாரியிலும் மனை சூடாக்கப்பட்டது. வெப்பம் இருந்தது, வெயில் இல்லை. என்பு மென்மையுற்று வளைதல், உணவில் வெறுப்பு, முட்டையிடாமை முதலிய குறைகள் கூட்டு ஊர்வனவற்றின் இயல்பென்றே கருதப்பட்டன.

இந்நிலையை மாற்றியவர் யோன் புறொக்ரர் என்னும் பெண்மணி. 1897 இற் பிறந்த இவர் நோய்வாய்ப்பட்ட உடலினர். பல்கலைக்கழகம் புகவியலாது, பிரித்தானிய நூதனசாலையில் பேரறிஞர் பூலஞ்சேயிடம் பயின்றவர். 1923 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். அவர் திட்டமிட்ட புதிய மனை 1927 இல் திறக்கப்பட்டது. மனை முழுவதையும் ஒரே வெப்பத்தில் வைக்காது, ஒவ்வொரு கூட்டையும் மின்சாரத்தால் தனித்தனியே சூடாக்கும் ஏற்பாடு அதிற் செய்யப்பட்டது. ஊதாக்கடந்த கதிரால் என்புருக்கம் மாறுமென்பதைப் பெர்லின் நகரத்து வைத்தியர் ஹுல்ட்சின்ஸ்கி 1919 இற் குழந்தைகளிடத்துக் காட்டியிருந்தார். புறொக்ரர் அக்கதிரை ஊர்வனவுக்கும் பயன்படுத்தினார். கொமோடோத் தீவின் பேருடும்பு ஒன்று அவர் பின்னால் நாய்போற் சென்றதை இலண்டன் மக்கள் கண்டு வியந்தனர். அவர் 1931 இல், முப்பத்துநான்காம் வயதில் மறைந்தார். பட்டம் பெறாத இவருக்குச் சிக்காகோப் பல்கலைக்கழகம் அவ்வாண்டிலேயே கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

இலண்டனில் அறிவு இவ்வாறு முன்னேறிய அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே, பக்லண்ட் நூறு ஆண்டின் முன் பொய்ப்பித்த கதை மீண்டும் உயிர்பெற்றது. கொம்போணான் என்பது அப்பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் வாழும் தட்டையான சிறு பல்லி; தலையில் முட்கொம்புகளை உடையது; தேரைபோன்ற தோற்றத்தால் கொம்புத்தேரை என்றே மக்கள் அழைப்பர். ஈஸ்ற்லன்ட் என்னும் சிற்றூரில் 1897 இல் நீதிமன்றத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, கல்லின் குழியில் வைத்த நூல் முதலிய பொருள்களோடு ஒரு கொம்போணானும் உயிருடன் வைக்கப்பட்டதாம். அக்கட்டடம் இடிக்கப்பட்டு 1928 மாசி 18 ஆந் திகதி பெருங்கூட்டத்தின் முன் கல் திறக்கப்பட்டது. உள்ளிருந்து புழுதி படிந்த ஓணான் ஒன்று எடுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் அது அசைந்தது. முப்பத்தொரு ஆண்டு உறங்கி விழித்ததென்று ஊர் ஆர்ப்பரித்தது. இருபது ஆண்டு துயின்று எழுந்த கதைமாந்தன் றிப் வன் விங்கிளின் நினைவாக அதற்கு “கிழ றிப்” என்று பெயரிட்டனர். நாட்டின் பல பகுதிகளுக்கும் அதைக் கொண்டுசென்று காட்டினர். வாஷிங்டனில் சனாதிபதி கூலிட்சும் பார்த்தார்.

கொம்போணானின் வாழ்நாள் பத்தாண்டைக்கூட எட்டுவது அரிது. உணவும் நீருமின்றி முப்பத்தொரு ஆண்டு என்பது ஏற்கத் தகாதது. கல் திறந்த நாளில் எவரோ புதிய ஓணானைப் புகுத்தினர் என்னும் ஐயம் அன்றே எழுந்தது. அந்த ஐயமே பொருத்தமுடையது. ஆயின் இவ்வரலாற்றுக்கு வேண்டுவது ஏமாற்று நிகழ்ந்ததா இல்லையா என்பதன்று, பின்னர் நிகழ்ந்ததே. கிழ றிப் 1929 தை 19 இல், விடுதலை பெற்றுப் பதினொரு மாதத்தில், மனிதர் காப்பிலே இறந்தது. சுவாசப்பை அழற்சியே காரணமென்றனர். தை மாதம் அவ்வினம் மண்ணுள் அடங்கிக் கிடக்கவேண்டிய காலம். சுற்றுலாவில் மெலிந்த உடலோடு, வெயிலுமில்லாத ஆழ்ந்த குளிருமில்லாத நிலையில் அது மாரியை எதிர்கொண்டிருக்கும் என்று ஊகித்தல் தவறாகாது. கல்லினுள் முப்பத்தொரு மாரி பிழைத்ததாகப் போற்றப்பட்ட பிராணி அன்பு செய்தோர் கையில் ஒரு மாரியையும் முழுதாகக் காணவில்லை. பதனிட்ட அதன் உடல் பட்டு விரித்த சிறு பெட்டியில் ஈஸ்ற்லன்ட் நீதிமன்றத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

கிழ றிப்பின் புகழால் கொம்போணான்கள் மேலும் விரும்பப்பட்டன. பயணிகள் அவற்றை நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றனர். அவற்றின் இயற்கை உணவு பெரும்பாலும் எறும்பு; வீட்டில் அது கிடைப்பதில்லை. கோடையிற் கொழுப்புச் சேராத பல்லி மாரியில் எதைச் செலவிடும்? ரெக்சாஸ் அரசு 1967 இல் அவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது.

அமெரிக்காவிலேயே இதற்கு மாற்றான பணியும் நடந்தது. கலிபோர்னியாவில் றேமன்ட் கௌல்ஸ், சாள்ஸ் போகேட் என்னும் இருவர் பாலைவன ஊர்வனவற்றின் உடல்வெப்பத்தை அளந்து 1944 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஊர்வன குளிர்ந்த குருதியுடையன, சூழலுக்கு அடிமை என்று அதுகாறும் கூறப்பட்டது. பல்லி வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று தன் இனத்துக்குரிய வெப்பநிலையை நுட்பமாகப் பேணுகிறது என்று இவர்கள் காட்டினர். பாலைவனப் பல்லியும் தப்பிச்செல்ல நிழலின்றி வெயிலிற் கட்டுண்டால் சிறிது நேரத்தில் இறந்துபடும். எனவே கூட்டில் வேண்டுவது ஒரே அளவான சூடன்று. ஒரு முனை வெம்மையாகவும் மறுமுனை தண்மையாகவும் இருந்து பிராணி தெரிவுசெய்ய இடமளித்தலே.

இறுதியாக 1965 இல் வில்பர் மேஹியூ என்பவர் கலிபோர்னியாவின் கொம்போணான் இனமொன்றை ஆராய்ந்து, ஊர்வனவற்றின் மாரி ஒடுக்கத்துக்கு “புறூமேஷன்” என்னும் புதுப் பெயரை வழங்கினார். மாரியைக் குறிக்கும் இலத்தீன்சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். பாலூட்டிகள் சேமித்த கொழுப்பை எரித்து வெப்பம் ஆக்கித் துயிலினின்று தாமே எழக்கூடியன. பல்லிக்கு அவ்வாற்றல் இல்லை. அதே வேளை பல்லியின் ஒடுக்கம் குளிரால் மட்டும் நேர்வதுமன்று. உடலினுள்ளே பருவத்தை ஒட்டிய மாற்றங்கள் வேறாக நிகழ்கின்றன. மின்குமிழின் கீழ் வெதுவெதுப்பாக வைக்கப்பட்ட பல்லியும் கார்த்திகையில் உணவை மறுத்து மூலையில் ஒதுங்குவதேன் என்று கலங்கிய வளர்ப்போர்க்கு இதுவே விடை. நோயென்று எண்ணி வாயைப் பிளந்து இரை திணித்தவர்கள் ஹன்ரரின் சோதனையைத் தம்மையறியாமலே மீண்டும் செய்தவராவர்.

இன்று ஐரோப்பியப் பல்லிகளை வளர்ப்போர் கைக்கொள்ளும் முறை மேற்கூறிய அறிவெல்லாம் சேர்ந்ததே. கோடை முடிவிலேயே மலத்தைச் சோதித்துக் குடற்புழுக்களை நீக்குவர். மெலிந்ததையும் நோயுற்றதையும் துயிலவிடாது வெப்பத்திலேயே வைத்துப் பேணுவர். பின் இரண்டு மூன்று வாரம் வெப்பத்தைக் குறைக்காமல் இரையை மட்டும் நிறுத்துவர். இவ்விடத்திலேதான் தவறு மிகுதியாக நிகழும்: இரையையும் வெப்பத்தையும் ஒருங்கே நிறுத்தினால் குடல் வெறுமையாகாது. அதன்பின் படிப்படியாகக் குளிரச் செய்து, 4 முதல் 10 பாகை செல்சியஸ்வரையான நிலையில், சற்று ஈரமான மண்ணோ பாசியோ இட்ட பெட்டியில் வைப்பர். உறைநிலைக்குக் கீழே சென்றால் மரணம். ஆனால் 15 பாகையை அண்டிய அரைகுறை வெம்மையும் ஆபத்தானதே; அங்கே பல்லி உறங்கவும் மாட்டாது, உண்டதைச் சமிக்கவும் மாட்டாது, பக்லண்டின் தேரைகள்போற் கண்விழித்தவாறே தன் கொழுப்பை எரித்துத் தீர்க்கும். அவுஸ்திரேலியாவின் தாடியோணான் போன்ற வெப்பநாட்டு இனங்களுக்கோ 15 பாகையளவே போதிய குளிர். ஆதலின் இனமறியாது விதி வகுத்தல் கூடாது.

மிகவும் உலர்ந்த பெட்டியில் பல்லி நீரிழந்து இறக்கும். நீர் தேங்கிய பெட்டியில் தோல் அழுகும், சுவாசப்பை நோயுறும். குடிநீர்க் கிண்ணம் எப்போதும் இருத்தல் வேண்டும். இடையிடையே விழித்து நீரருந்துதல் அவற்றின் வழக்கம். இரு வாரத்துக்கொரு முறை நிறுத்துப் பார்த்து, எடையிற் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் துயிலை முடித்துவிடுவர். இயற்கையில் ஐந்தாறு மாதம் நீடிப்பதைக் கூட்டில் இரண்டு மூன்று மாதமாகச் சுருக்குவதும், முதலாண்டுக் குஞ்சுகளை இன்னும் குறைந்த காலமே குளிரில் விடுவதும் உண்டு. எழுப்பும்போது சிலநாளிற் சிறிது சிறிதாக வெப்பத்தை ஏற்றி, முதலில் நீரும், உடல் நன்கு சூடேறியபின் இரையும் கொடுப்பர். வைற்றின் ஆமையும் சித்திரையில் வெளிவந்தவுடன் உணவை நாடவில்லை என்பது இங்கே நினைக்கத் தக்கது.

இத்தனை இடருக்கும் அஞ்சி மாரித்துயிலையே விலக்கிவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். ஓரிரு மாரிக்கு அது இயலும். நோயாளிப் பல்லிக்கு அதுவே தக்கது. ஆயினும் குளிர்நாட்டு இனங்கள் பலவற்றுக்கு மாரியின் குளிரே இனப்பெருக்கத்தின் அடையாளக் குறி. குளிரறியாத ஆணும் பெண்ணும் இளவேனிலில் ஒன்றையொன்று நாடுவதில்லை. போட் வேர்த், சன் அன்ரோனியோ நகரங்களின் மிருகக்காட்சிச்சாலைகள் இன்று ரெக்சாஸ் கொம்போணானை வளர்த்துப் பெருக்கி, அது அருகிப்போன நிலங்களில் மீண்டும் விடும் பணியில் ஈடுபட்டுள்ளன. கிழ றிப் கிடக்கும் ஈஸ்ற்லன்ட் ஊர் போட் வேர்த்துக்கு மேற்கே, பெருவீதிவழி இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட தொலைவிலேயே இருக்கிறது.